நான் பிழைத்து வந்த இடத்தைப் பற்றி வெளியில் பேசலாமா?

அன்புள்ள மேடம்,

எனக்கு முப்பது வயது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். ஆறாம் வகுப்பு வரை கோயம்புத்தூரில் படித்தேன். அப்பாவின் வேலைக்காக இங்கே குடிவந்தோம். இப்போது எழுதப்போவதை ஆங்கிலத்தில் நாலைந்து பேரிடம் சொல்லியிருக்கிறேன். தமிழில் சொல்வது இதுதான் முதல் தடவை. பெயர் போட வேண்டாம்.

இங்கத்திய பள்ளி எனக்கு ஒட்டவே இல்லை. பதினைந்து வயதில், இனி போகமாட்டேன் என்று படுக்கையிலேயே கிடந்தேன். கையைக் கீறிக்கொள்ள ஆரம்பித்தேன். ஒரு பையனோடு பேசுவது தெரிந்து வீட்டில் தினமும் ரகளை. ஓர் இரவு சொல்லாமல் தோழி வீட்டில் தங்கிவிட்டேன். அம்மா அப்பா பயந்தது நியாயம்தான், அதை நான் மறுக்கவில்லை. பிள்ளைகளை எந்தப் பள்ளியில், எந்தச் சிகிச்சை இடத்தில் சேர்க்கலாம் என்று பரிந்துரைக்கும் ஒரு எஜுகேஷனல் கன்சல்டன்ட்டை யாரோ கைகாட்டினார்கள். ‘இப்போதே ஏதாவது செய்யாவிட்டால் பதினெட்டு வயதுக்குள் பெண்ணை இழந்துவிடுவீர்கள்’ என்றாராம் அவர். அப்பா வீட்டின் மேல் இரண்டாவது கடன் வாங்கினார்.

ஒருநாள் விடியற்காலை என் அறையில் விளக்கு எரிந்தது. முன்பின் தெரியாத ஓர் ஆணும் பெண்ணும் கட்டிலருகே நின்றார்கள். ‘நீயாக வந்தால் சுலபம், இல்லாவிட்டால் வேறு வழி இருக்கிறது’ என்றார்கள். அப்பா நிலைப்படியில் நின்றார். அம்மா சமையலறையை விட்டு வரவில்லை. என்னைக் கடத்துகிறார்கள் என்றுதான் நினைத்தேன். யூட்டா மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். முதலில் பாலைவனத்தில் முகாம். ஓடிவிடக் கூடாதென்று இரவில் ஷூவை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒதுங்கப் போனால், அங்கேதான் இருக்கிறேன் என்று தெரிய என் பெயரை நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் ஒரு ட்ரீட்மென்ட் சென்டர். அங்கே ஒரு வருடத்துக்கும் மேல்.

அங்கே எல்லாமே லெவல் கணக்கு. கீழ் லெவலில் இருந்தால் அனுமதி கேட்காமல் பேசக் கூடாது. வீட்டுக்கு எழுதும் கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். வாரம் ஒரு போன், தெரபிஸ்ட் லைனில் இருப்பார், ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசலாம். ஒருமுறை ‘அம்மா, என்னைக் கூட்டிட்டுப் போ’ என்று தமிழில் சொல்லிவிட்டேன். லைனைத் துண்டித்தார்கள். சேர்த்து வைத்த லெவல் எல்லாம் போயிற்று. குரூப் என்று ஒன்று உண்டு. வட்டமாக உட்கார வைத்து ஒருத்தியை நடுவில் நிறுத்துவார்கள். செய்த தப்பையெல்லாம் சொல்ல வேண்டும். போதாது என்று பட்டால் மற்றவர்கள் அவளைப் பார்த்துக் கத்த வேண்டும். நான் எடுக்காத போதை மருந்தை எடுத்ததாகச் சொன்னேன். அன்றுதான் எனக்கு லெவல் ஏறியது. மற்ற பெண்களைப் பார்த்து நானும் கத்தியிருக்கிறேன். ஒரு சின்னப் பெண்ணைப் பெரியவர்கள் மூன்று பேர் தரையில் குப்புறப் போட்டு அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

சொந்தக்காரர்களிடம் ‘யூட்டாவில் நல்ல போர்டிங் ஸ்கூல்’ என்று சொல்லி வைத்தார்கள். இன்றும் அம்மா வாயில் அது ‘நீ ஹாஸ்டலில் இருந்தப்போ’ தான்.

இப்போது எனக்கு வேலை இருக்கிறது, அன்பான கணவர் இருக்கிறார். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க முடியாது. ஷூ கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தெரபிஸ்ட்டிடம் போ என்கிறார் கணவர். அந்த வார்த்தையைக் கேட்டாலே குமட்டுகிறது.

என்னோடு அங்கே இருந்த சிலர் இப்போது வெளிப்படையாகப் பேசுகிறார்கள். ஒரு பத்திரிகையாளர் அந்த இடத்தைப் பற்றி எழுதுகிறார், நீயும் பேசு என்கிறார்கள். வீட்டில் சொன்னேன். அப்பா ‘அவ்வளவு செலவு பண்ணி உயிரைக் காப்பாத்தினதுக்கு இதுதான் பலனா?’ என்று எழுந்து போய்விட்டார். அம்மா ‘முடிஞ்சு போனதை ஏன் கிளர்றே, நாலு பேர் என்ன நினைப்பாங்க’ என்று அழுகிறார். போன மாதம் இன்னொன்று நடந்தது. தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான ஒரு ஆன்ட்டியின் பையனுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்குப் போகாமல் அறையைச் சாத்திக்கொண்டு கிடக்கிறானாம். அந்த ஆன்ட்டி என் அம்மாவிடம் ‘உங்க பொண்ணை எங்கே சேர்த்தீங்க?’ என்று விசாரித்திருக்கிறார். அம்மா அந்த கன்சல்டன்ட்டின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பேசினால் அப்பா அம்மாவுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது. பேசாவிட்டால் அந்தப் பையனுக்கு. என்னைவிட மோசமாக அனுபவித்தவர்கள் எத்தனையோ பேர்; என்னை யாரும் எலும்பு முறிய அடிக்கவில்லை. நான் பெரிதுபடுத்துகிறேனா? பேசினால் இதெல்லாம் சரியாகிவிடுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள தோழிக்கு,

கடைசியில் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் பெரிதுபடுத்தவில்லை. பதினைந்து வயதுப் பெண்ணை விடியற்காலையில் முன்பின் தெரியாதவர்கள் கூட்டிக்கொண்டு போகிறார்கள், பெற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் அம்மாவிடம் தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. எலும்பு முறிந்தால்தான் காயம் என்று யார் சொன்னது? ‘உனக்கு நடந்தது ஒன்றுமே இல்லை, மற்றவர்களைப் பார்’ என்பதை அந்த இடத்திலேயே உங்களிடம் பலமுறை சொல்லியிருப்பார்கள். அந்தக் குரல்தான் இன்னும் கேட்கிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது நம்ப முடியாத கதையாக இருக்கலாம். அதனால் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் அது பயன்படும், ஏனென்றால் உங்களுக்கு நடந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1958இல் கலிஃபோர்னியாவில் சார்ல்ஸ் டீடரிக் என்பவர் போதைப் பழக்கத்திலிருந்து மீட்க என்று சினனான் என்ற அமைப்பைத் தொடங்கினார். வட்டமாக உட்கார்ந்து ஒருவரைக் குறிவைத்து எல்லோரும் திட்டித் தீர்ப்பதுதான் அங்கே சிகிச்சை. அதற்கு ‘கேம்’ என்று பெயர். பின்னாளில் சினனான் வன்முறைக் கும்பலாகச் சீரழிந்தது. முறை மட்டும் சாகவில்லை. 1967இல் கலிஃபோர்னியாவில் சீடு (CEDU), 1970இல் ஃப்ளோரிடாவில் தி சீட் (The Seed), 1976இல் ஸ்ட்ரெய்ட் என்று பிள்ளைகளுக்கான இடங்களில் அது வேறு வேறு வடிவில் வந்து உட்கார்ந்துகொண்டது. தி சீட்டின் முறைகளை, கொரியப் போர்க்காலத்தில் வட கொரியா கையாண்ட மூளைச்சலவை உத்திகளோடு ஒப்பிட்டு அமெரிக்க செனட் குழு ஒன்று 1974லேயே அறிக்கை எழுதியது. நீங்கள் பிறப்பதற்கு இருபது வருடங்களுக்கு முன்பு! உங்களை நடுவில் நிறுத்திய அந்த வட்டத்தை உங்களுக்காக யாரும் யோசித்து உருவாக்கவில்லை. பழைய சரக்கு அது.

தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2007இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில், 2005 ஒரே ஆண்டில் 33 மாநிலங்களில் இப்படிப்பட்ட இடங்களின் ஊழியர்கள் 1,619 பேர் மீது துன்புறுத்தல் சம்பவங்கள் பதிவானதாக இருக்கிறது. பத்துப் பிள்ளைகளின் மரணங்களையும் அது ஆராய்ந்தது. நீங்கள் போனது அதற்கும் பிறகு. 2024 ஜூனில் செனட் நிதிக் குழு வெளியிட்ட அறிக்கை, இந்தத் தீங்குகள் எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் தவறிப்போய் நடப்பவை அல்ல, இந்தத் தொழில் நடக்கும் விதத்திலேயே இருப்பவை என்கிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் வட கரோலினாவில் ஒரு காட்டு முகாமில் பன்னிரண்டு வயதுச் சிறுவன், சேர்ந்த மறுநாளே இறந்துபோனான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பேசலாமா என்று கேட்கிறீர்கள். பேசலாம். ஆனால் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டும் வேறு வேறு வேலை. மனதைத் திறந்து சொன்னாலே பாரம் இறங்கிவிடும் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களே சில நேரம் சொல்லிவிடுகிறோம். எப்போதும் அப்படி இல்லை. பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்களிடம் செய்த ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. சொன்ன பிறகு கேட்டவர் நம்பாமல் போனால், அல்லது பழியைத் திருப்பினால், பாதிப்பின் அறிகுறிகள் கூடத்தான் செய்கின்றன. அதனால் ‘சொல்வதா வேண்டாமா’ என்பதோடு யாரிடம், எந்த வரிசையில், எவ்வளவு என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் விஷயத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அந்த வட்டம்தான். அங்கே பேசுவது உங்கள் விருப்பமாக இருக்கவில்லை. பேசினால்தான் லெவல். அழுதால்தான் நேர்மை. அவர்கள் எதிர்பார்த்ததைச் சொல்லும்வரை விடவில்லை, கடைசியில் இல்லாத போதைப் பழக்கத்தை உண்டு என்று சொல்ல வைத்தார்கள். அப்படிப் பழக்கப்பட்ட ஒருவர் பத்திரிகையாளர் முன்னால் உட்காரும்போது, உடம்பு பழைய பாடத்தையே திருப்பிச் செய்ய வாய்ப்பு இருக்கிறது. கேட்கிற எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுவீர்கள். சொல்ல நினைக்காததையும் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நடுங்குவீர்கள். உடன் இருந்த தோழிகள் நல்ல எண்ணத்தோடுதான் ‘நீயும் பேசு’ என்கிறார்கள். ஆனாலும் ஒரு கூட்டம் உங்களைச் சுற்றி நின்று பேசச் சொல்கிறது என்பது மாறவில்லை.

அதனால் நான் பார்க்கிற ஒரே அளவுகோல் இது: பாதியில் நிறுத்த உங்களால் முடிகிறதா? ‘இதைச் சொல்ல மாட்டேன்’ என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா? முடிகிறது என்றால் நீங்கள் தயார். இன்னும் முடியவில்லை என்றால், முதலில் அதைக் கணவரிடம் பழகுங்கள். அவர் கேட்கட்டும், நீங்கள் ஓர் இடத்தில் ‘போதும்’ என்று நிறுத்துங்கள், அவர் மேற்கொண்டு கேட்காமல் எழுந்து காபி போடட்டும். கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும். நிறுத்தச் சொன்னதும் எதிரில் இருப்பவர் நிறுத்தினார் என்ற அனுபவம் அந்த இடத்தில் உங்களுக்குக் கிடைக்கவே இல்லை, அதனால்தான் சொல்கிறேன்.

பத்திரிகையாளரிடம் பேசுவதாக முடிவு செய்தால், வாய் திறப்பதற்கு முன்பே சிலவற்றை எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். முழுப் பெயரா, முதல் பெயரா, மாற்றுப் பெயரா. எந்தப் பகுதி வெளியிடுவதற்கு, எது பின்னணிக்கு மட்டும். உங்கள் மேற்கோள்களை அச்சுக்கு முன் வாசித்துக் காட்டுவாரா. ஆவணம் இருக்கிறதா என்று நல்ல பத்திரிகையாளர் கட்டாயம் கேட்பார். அது உங்களை நம்பாததால் அல்ல. நீங்கள் இப்போது மேஜர், உங்கள் சிகிச்சைப் பதிவுகளை நீங்களே கேட்டு வாங்கலாம். ஆனால் எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பழைய கோப்புகளை அழித்திருக்கவும் கூடும். அதனால் தாமதிக்க வேண்டாம். வந்தால் தனியாகப் பிரிக்காதீர்கள். உங்களைப் பற்றி அவர்கள் எழுதி வைத்ததைப் படிப்பது சில நேரம் அங்கே இருந்ததைவிட வலிக்கும். அந்த இடத்தின் பெயரைச் சொல்லிப் பேசுவதாக இருந்தால் ஒரு வழக்கறிஞரிடமும் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். கண்ணால் பார்த்ததையும் காதில் விழுந்ததையும் பிரித்துச் சொல்வது உங்களுக்கு நல்லது. அப்பா போட்ட கையெழுத்தில் ஏதாவது நிபந்தனை இருந்ததா என்றும் அவர் பார்த்துச் சொல்வார். கட்டுரை வெளிவந்த பிறகு வரும் பின்னூட்டங்களை நீங்கள் படிக்க வேண்டாம். கணவர் படிக்கட்டும், சொல்ல வேண்டியது இருந்தால் சொல்லட்டும்.

மற்ற பெண்களைப் பார்த்துக் கத்தியதைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கும் என்று எனக்குப் படுகிறது. பிள்ளைகளையே ஒருவர் மேல் ஒருவரை ஏவிவிடுவது அந்த முறையின் மையம். அப்படிச் செய்தால் யாரும் யாரையும் நம்ப மாட்டார்கள், வெளியே போனாலும் வெட்கத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள். கத்தாமல் இருந்திருந்தால் அடுத்து நடுவில் நின்றிருப்பது நீங்கள்தான். இதைப் பத்திரிகையில் சொல்லத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்தப் பெண்களில் யாரோடாவது இப்போது தொடர்பு இருந்தால், அவளிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். அவளும் உங்களிடம் சொல்ல அதையே வைத்துக்கொண்டிருக்கலாம்.

அப்பா அம்மா விஷயம் கடினம், அதை இலேசாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. இந்தத் தொழில் பெற்றோரிடம் விற்பது பயத்தை. கன்சல்டன்ட் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே அது தெரிகிறது. சேர்த்த பிறகு அவர்களுக்கும் ஒரு பாடம் நடத்துவார்கள்: ‘உங்கள் பிள்ளை அழுவாள், அடிக்கிறார்கள் என்பாள், கூட்டிப்போகச் சொல்வாள், எல்லாம் உங்களை வளைக்கும் தந்திரம், நம்பாதீர்கள்.’ உங்கள் அப்பா அதைப் பதினைந்து வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார். இன்று நீங்கள் வாய் திறந்தாலும் அவர் காதில் அந்தப் பாடம்தான் விழுகிறது. தவிர, நீங்கள் சொல்வது உண்மை என்று ஒப்புக்கொண்டால், வீட்டை அடமானம் வைத்துத் தன் பெண்ணுக்கு எதை வாங்கிக் கொடுத்தோம் என்ற கேள்வி வந்து நிற்கும். அவரால் அதைத் தாங்க முடியாமல் இருக்கலாம். இது அவருக்கான வக்காலத்து இல்லை. ஏமாந்தார்கள் என்பதும் உண்மை, நிலைப்படியில் நின்று பார்த்தார் என்பதும் உண்மை. நம்மைக் காக்க வேண்டியவர் கையாலேயே காயப்படும்போது அது வேறு எந்தக் காயத்தையும்விட ஆழமாக இறங்குகிறது. ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பல காலமாக ஆராய்ந்திருக்கிறார். அப்படிப்பட்ட காயத்தை மனசு வெளியே காட்டாமல் மறைத்துக்கொள்ளும், ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு அதே பெற்றோரிடம்தான் சாப்பாடும் இருப்பிடமும் என்கிறார் அவர். நீங்கள் இத்தனை வருடம் சும்மா இருந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆகவே துரோகமா என்று கேட்டால், இல்லை. உங்கள் வாழ்க்கையில் நடந்ததை நீங்கள் சொல்கிறீர்கள். ஆனால் கட்டுரையைப் பார்த்துத்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்ற நிலைமை வேண்டாம். முன்பே சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்கச் சொல்லவில்லை, தகவல் சொல்லச் சொல்கிறேன். ‘நான் பேசலாமா?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்பார்கள், அப்புறம் மீறியதாக ஆகிவிடும். ‘அப்பா, அடுத்த மாதம் பேசப்போகிறேன். உங்களைக் குற்றவாளி ஆக்குவதற்காக இல்லை. உங்கள் பெயர், வேலை எதையும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு என்ன சொல்லி விற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல நினைக்கிறேன்.’ இந்த அளவு போதும். அவர் எழுந்து போனால் போகட்டும், பின்னாலேயே போய் விளக்கம் சொல்ல வேண்டாம்.

அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள், அதுவும் தமிழில். உங்கள் இருவருக்கும் நடுவில் அங்கே பறிக்கப்பட்டது அதுதானே. ஒரு வருடத்துக்கு மேல் பெண்ணோடு தன் பாஷையில் ஒரு வார்த்தை பேச முடியாமல் அந்த அம்மாவும் தவித்திருப்பார். லைன் துண்டித்த அன்று என்ன நினைத்தார் என்று இதுவரை கேட்டிருக்கிறீர்களா? பதில் உங்களுக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம். மன்னிப்பு உடனே வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சில பெற்றோர் கடைசி வரை ‘நல்லதுக்குத்தான் செய்தோம்’ என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் நீங்கள் குணமாக முடியும் என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், சாவியை அவர்கள் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

தெரபிஸ்ட் என்றதும் குமட்டுகிறது என்கிறீர்கள். உங்கள் லைனை ஒட்டுக்கேட்டவரின் பதவிப் பெயர் அது, வேறு எப்படி இருக்கும்? இருந்தாலும் கதவைச் சாத்தித் தூங்க முடியாமை, கட்டிலருகே ஷூ, இதற்கெல்லாம் நல்ல சிகிச்சை இருக்கிறது. பேரதிர்ச்சிக்கென்றே உருவான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண் அசைவைக் கொண்டு செய்யும் இஎம்டிஆர், இரண்டுக்கும் போதுமான ஆய்வு ஆதாரம் உண்டு. முதல் தடவை போகும்போது கதை சொல்லப் போகாதீர்கள், அவரை நேர்காணல் செய்யப் போங்கள். இப்படிப்பட்ட இடங்களில் வேலை செய்திருக்கிறாரா, அங்கே பிள்ளைகளை அனுப்பியிருக்கிறாரா, நான் சொல்வதை எந்தச் சூழ்நிலையில் வெளியே சொல்வீர்கள், என் குறிப்புகளை நான் பார்க்கலாமா, நடுவில் எழுந்து போகலாமா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அடுத்தவரைப் பாருங்கள். கதவைத் திறந்து வைத்துப் பேசலாமா என்றுகூடக் கேட்கலாம், அல்லது வீடியோவில் உங்கள் வீட்டில் இருந்தபடியே பேசலாம். கட்டுரை வருவதற்கு முன்பே இப்படி ஒருவர் கூட இருந்தால் எனக்கு நிம்மதி. எப்போதாவது வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினால் 988 என்ற எண்ணை அழையுங்கள். அமெரிக்கா முழுவதும் 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

பேசுவதால் ஏதாவது மாறுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். பாரிஸ் ஹில்டனைப் பணக்கார வீட்டுப் பெண், விளம்பரப் பிரியை என்றுதான் உலகம் பார்த்தது. தன்னை யூட்டாவில் ஒரு பள்ளியில் பதினொரு மாதம் வைத்திருந்ததை அவர் 2020இல் வெளியே சொன்னார். மறு ஆண்டு அந்த மாநிலச் சட்டமன்றக் குழு முன்னால் வந்து சாட்சி சொன்னார். பெயர் தெரியாத இன்னும் பலரும் அவரோடு பேசினார்கள். 2021 மார்ச்சில் யூட்டாவில் சட்டம் வந்தது. இப்போது அங்கே ஆண்டுக்கு நான்கு முறை அரசு ஆய்வு, பிள்ளைகளைக் கட்டிப்போடவும் மயக்க மருந்து கொடுக்கவும் தனிமையில் அடைக்கவும் கட்டுப்பாடு, வாரம் ஒருமுறை யாரும் ஒட்டுக்கேட்காமல் வீட்டோடு பேசும் உரிமை. உங்களுக்குக் கிடைக்காத அந்த போன் இப்போது அங்கே சட்டம். 2024 டிசம்பரில் நாடு முழுவதற்குமான சட்டம் ஒன்றும் நிறைவேறியது. அது பெரும்பாலும் ஆய்வுக்கும் தகவல் சேகரிப்புக்கும்தான் வழி செய்கிறது, பலருக்கு அதில் ஏமாற்றம் உண்டு. அந்தத் திருப்தியின்மை நியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். நீங்கள் பேசாவிட்டால் இதெல்லாம் நின்றுவிடாது, அதனால் இந்தப் பாரத்தையும் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

அந்த ஆன்ட்டி விஷயம் மட்டும் காத்திருக்க முடியாது. பத்திரிகைக்கு ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வருடமும் எடுத்துக்கொள்ளுங்கள். இதை இந்த வாரமே செய்யுங்கள். உங்கள் முழுக் கதையும் அவருக்குத் தேவையில்லை. ‘ஆன்ட்டி, நான் போனது போர்டிங் ஸ்கூல் இல்லை. அங்கே எனக்கு நடந்தது இன்றும் என்னைத் தூங்கவிடவில்லை. அவனை அனுப்புவதற்கு முன்னால் என்னோடு ஒரு மணி நேரம் பேசுங்கள்.’ இவ்வளவுதான். அவர் உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுவார், அது நிச்சயம். ஆகவே அதற்கு முதல் நாளே அம்மாவிடம் ‘நான் ஆன்ட்டியிடம் பேசப்போகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள்.

ஆன்ட்டியைத் திட்டிவிடாதீர்கள். உங்கள் அப்பா அம்மா அன்று நின்ற இடத்தில்தான் அவர் இன்று நிற்கிறார், பயத்தில் யார் கை நீட்டினாலும் பிடித்துக்கொள்வார். வெறுமனே ‘அனுப்பாதீர்கள்’ என்றால் ‘அப்போ என்ன செய்யறது?’ என்பார். அதற்குப் பதில் வைத்துக்கொண்டு போங்கள். முதலில் ஒரு குழந்தை மனநல மருத்துவர் அவனை நேரில் பார்த்துச் சொல்லட்டும். அறைக்குள்ளேயே கிடப்பதற்கு மனச்சோர்வு, பதற்றம், பள்ளியில் யாரோ துன்புறுத்துவது என்று பல காரணங்கள் இருக்கலாம், மருந்தும் சிகிச்சையும் காரணத்துக்குத் தகுந்தபடி மாறும். வீட்டில் இருந்துகொண்டே குடும்பத்தோடு சேர்ந்து எடுக்கும் சிகிச்சை உண்டு. பகலில் போய் மாலை வீட்டுக்குத் திரும்பும் தீவிரத் திட்டங்கள் அங்கே பல மருத்துவமனைகளில் உண்டு. கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு, பொங்கும் உணர்ச்சிகளைச் சமாளிக்கக் கற்றுத்தரும் டிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை முறை நன்றாக வேலை செய்கிறது. உங்களுக்கும் அன்று அது கிடைத்திருக்க வேண்டும். பையன் தன் உயிருக்கு ஆபத்து விளைவித்துக்கொள்வான் என்ற பயம் இருந்தால் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போகட்டும், பாலைவனத்துக்கு வேண்டாம்.

அப்படியும் எங்காவது தங்க வைத்துத்தான் ஆக வேண்டும் என்று மருத்துவரே சொன்னால், அந்த இடத்தாரிடம் ஆன்ட்டி சில கேள்விகள் கேட்கட்டும். முன்னறிவிப்பு இல்லாமல் நான் வந்து பார்க்கலாமா? அவன் நினைத்தபோது, யாரும் பக்கத்தில் இல்லாமல், தமிழில் என்னோடு பேசலாமா? ‘இங்கே என்னை அடிக்கிறார்கள்’ என்று அவன் சொன்னால் நான் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், நீங்கள் இல்லாமல்? மாநில அரசு கடைசியாக எப்போது ஆய்வு செய்தது, அந்த அறிக்கை எங்கே? கன்சல்டன்ட்டையும் விட வேண்டாம்: அந்த இடங்களைச் சுற்றிப்பார்க்க நீங்கள் போகும்போது விமான டிக்கெட்டும் சாப்பாடும் யார் செலவு? இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி ஆன்ட்டியிடம் கொடுங்கள். மளமளவென்று பதில் சொல்லாமல் ‘உங்கள் பையன் உங்களை வளைக்கப் பார்ப்பான், கவனமாக இருங்கள்’ என்று அவர்கள் தொடங்கினால், போனை வைத்துவிடச் சொல்லுங்கள்.